மூச்சுத் திணறும் நோயாளிக்கு எக்கோ: நுரையீரல் நாடி அடைப்பைத் தேடும் முறை

இதயத்தை அல்ட்ராசவுண்டால் பார்க்கும் எக்கோவைப் பழகத் தொடங்கும் பலர், நுரையீரல் நாடி அடைப்பு என்றதும் திரையில் ஓர் இரத்தக்கட்டி தெரியும் என்று காத்திருப்பார்கள். பெரும்பாலும் தெரியாது. காலின் ஆழ்நாளத்தில் உண்டான கட்டி கழன்று, கீழ்ப்பெருநாளம் வழியாக வலது சோணையறைக்கும் அங்கிருந்து வலது இதயவறைக்கும் வந்து, கடைசியில் நுரையீரல் நாடியின் கிளைகளில் போய்ச் சிக்கிவிடும். அந்தக் கிளைகளைச் சுற்றிலும் காற்று. அல்ட்ராசவுண்ட் அலை காற்றைத் தாண்டாது. ஆகவே எக்கோவில் தேடவேண்டியது, அடைபட்ட குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ள முடியாமல் வலது இதயவறை வீங்கித் தளர்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவ விடுதியிலும் புதிதாகப் புறோப் (அலையை அனுப்பி வாங்கும் கைக்கருவி) பிடிக்கும் இளநிலை வைத்தியர்களான எச்.ஓ., எஸ்.எச்.ஓ.மாருக்காக இது எழுதப்படுகிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையானாலும் களுபோவிலயானாலும் ராகமயானாலும், நடுச்சாமத்தில் நோயாளியின் பக்கத்தில் முதலில் நிற்கப்போவது நீங்கள்தான். இதயநோய்ப் பிரிவில் எடுக்கும் முழு எக்கோவுக்கு இது மாற்றில்லை. ஒரேயொரு கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை தேடும் படுக்கையோரப் பரிசோதனை. பழகியவர் ஒருவரின் மேற்பார்வையில் கை பழகும்வரை தனியே முடிவெடுக்காதீர்கள்.

முதலில் பிரஷர், பிறகு புறோப்

எக்கோ சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பொறுத்தது. இது விளங்காவிட்டால், அருமையாக எடுத்த படமும் தவறான முடிவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

மேல் அழுத்தம் 90க்குக் கீழே விழுந்துவிட்டது, அல்லது வழமையைவிட 40 குறைந்து 15 நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது, அல்லது நோரட்ரினலின் ஓடினால்தான் பிரஷர் நிற்கிறது. வேறு காரணமும் தெரியவில்லை. இவரைச் சி.ரி. அறைவரை தள்ளிக்கொண்டு போவதே ஆபத்து. இப்படிப்பட்டவரில் எக்கோவின் சொல்லுக்குப் பெறுமதி அதிகம். வலது இதயவறை சாதாரண அளவில் நன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தால், பிரஷர் விழுந்த இந்த ஷொக் நிலைக்கு நுரையீரல் நாடி அடைப்பு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரஷரையே விழுத்தும் அளவுக்கு அடைப்பு இருந்தால் வலது இதயவறை அதைக் காட்டாமல் விடாது. அப்போது இதயத்தைச் சுற்றி நீரா, இடது இதயவறை தளர்ந்துவிட்டதா, பெருநாடி கிழிந்ததா, உடம்பில் இரத்தமோ நீரோ குறைந்துவிட்டதா என்று அதே புறோப்பைக் கொண்டு தேடுங்கள். மாறாக வலது இதயவறை பெருத்துத் தளர்ந்திருந்து, கதையும் பொருந்தி, சி.ரி. உடனே எடுக்க முடியாதென்றால், அந்தப் படத்தை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம்.

பிரஷர் நன்றாக இருக்கும் நோயாளியில் நிலைமை தலைகீழ். நுரையீரல் நாடிப் படுக்கையில் 30 முதல் 50 சதவீதம் வரை அடைபட்ட பிறகுதான் நாடியின் அழுத்தம் ஏறத் தொடங்கும். அதற்குக் குறைவான அடைப்புகளை வலது இதயவறை சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். எக்கோ சாதாரணமாக இருப்பதை வைத்து அடைப்பு இல்லையென்று சொன்னால் அது சரியாக அமையும் வாய்ப்பு 40 முதல் 50 சதவீதம் மட்டுமே. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆகவே நோயாளியின் கட்டில் குறிப்பேடான பி.எச்.ரி.யில் "எக்கோ நோர்மல், பி.ஈ. இல்லை" என்று (பி.ஈ. என்பது நுரையீரல் நாடி அடைப்பு) ஒருபோதும் எழுதாதீர்கள். இவர்களுக்கு அடைப்பின் சாத்தியத்தைக் கணிக்கும் வெல்ஸ் புள்ளி, பொருத்தமானவருக்கு டி-டைமர் இரத்தப் பரிசோதனை, பிறகு நுரையீரல் நாடிக்கான சி.ரி. என்ற வழிதான் சரி. அடைப்பு உறுதியான பின், ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட எக்கோ மறுபடியும் உதவும்.

சந்தேகம் வலுவாக இருந்து, இரத்தப்போக்கு ஆபத்தும் இல்லையென்றால், படம் வரும்வரை இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தான ஹெப்பரினை நிறுத்திவைக்கத் தேவையில்லை. எக்கோ மெஷின் வேறு விடுதியில் இருக்கிறது என்பது காத்திருப்பதற்கு நல்ல காரணமல்ல.

மெஷினும் படுக்கையும்

இதயத்துக்கு வேண்டியது செக்டர் புறோப். விலா எலும்புகளுக்கிடையே நுழையும் சிறிய முகம், 1 முதல் 5 மெகாஹேர்ட்ஸ். காலுக்கு லீனியர் புறோப். செக்டர் புறோப் உடைந்துபோன பிரிவுகளில் வயிற்றுக்கான வளைந்த புறோப்பால் விலாவுக்குக் கீழிருந்து பார்க்கலாம். சுமாரான படம்தான், ஆனாலும் வலது இதயவறையின் அளவையும் கீழ்ப்பெருநாளத்தையும் காட்டிவிடும்.

மெஷினைப் போட்டதும் எந்த அமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். இதய அமைப்பில் திரையின் குறி வலப்பக்கம் நிற்கும். வயிற்று அமைப்பில் இடப்பக்கம் நிற்கும். முதல் நாளில் கர்ப்பிணிக்கோ வயிற்றுக்கோ பாவித்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் தொடங்கினால் படம் இடம்வலமாகப் புரண்டு, சாதாரண இடது இதயவறையைப் பார்த்து "வலது இதயவறை இவ்வளவு பெரிதா" என்று பதறுவீர்கள். சந்தேகம் வந்தால் வால்வுகளைப் பாருங்கள். வலப்பக்க முக்கூர் வால்வு இடப்பக்க இருகூர் வால்வைவிடச் சில மில்லிமீற்றர் இதயமுனைப் பக்கமாக ஒட்டியிருக்கும். எந்தப் பக்கத்து வால்வு முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வலது இதயவறை.

மூச்சுத் திணறுபவரை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகைவரை உயர்த்தி, முடிந்தால் இடப்பக்கம் சற்றுச் சரித்து, இடக்கையைத் தலைக்குமேல் வைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் இருக்கிறபடியே விலாவுக்குக் கீழிருந்து தொடங்குங்கள். ஒட்சிசன் முகமூடியைப் படத்துக்காகக் கழற்றவேண்டாம். பெண் நோயாளியென்றால் பெண் தாதி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, துணியால் மூடிய படியே மார்பகத்தை மேலே ஒதுக்கி அதன் கீழ் புறோப்பை வையுங்கள். அவரையே ஒதுக்கிப் பிடிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

கொழும்பில் பாதி நோயாளிகளிடம் சிங்களத்தில்தான் சொல்லவேண்டிவரும். மூன்று வசனம் போதும்: "வம் பெத்தட்ட ஹெரென்ன" என்றால் இடப்பக்கம் திரும்புங்கள், "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுங்கள், "அல்லாகென இன்ன" என்றால் பிடித்துக்கொண்டிருங்கள். மூச்சு முட்டுபவரை இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் பிடிக்கச் சொல்லாதீர்கள். நீங்களும் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடியுங்கள், எப்போது விடச் சொல்வது என்பது தானாகத் தெரியும்.

விலாவுக்குக் கீழிருந்து

ஷொக்கில் இருப்பவருக்கு இங்கிருந்தே தொடங்குங்கள். முழங்காலை மடக்கினால் வயிற்றுத் தசை தளரும். மார்பெலும்பின் நுனிக்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, புறோப்பை மேலிருந்து பிடித்து வயிற்றோடு ஏறக்குறையப் படுக்கையாக வையுங்கள். குறி நோயாளியின் இடப்பக்கம், ஆழம் 18 முதல் 20 சென்ரிமீற்றர். ஈரலை ஜன்னலாக்கி இதயத்தைப் பார்க்கிறீர்கள். ஈரலை ஒட்டி முதலில் வருவது வலது இதயவறை. படம் கிடைக்காவிட்டால் முக்கால்வாசிச் சமயம் புறோப் செங்குத்தாக நிற்பதுதான் காரணம். இன்னும் தட்டையாக்குங்கள், ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள்.

முதலில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக நீர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வலது இதயவறையின் வெளிச்சுவரின் தடிப்பை, இதயம் விரிந்து முடிகிற கணத்தில் அளந்து குறித்துவையுங்கள். 5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் அந்த இதயவறை நீண்ட காலமாகவே உயர்ந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறது. இன்று வந்த கட்டி இன்றே சுவரைத் தடிக்கவைக்காது.

இனி வலது சோணையறையைத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டு, குறி தலைப்பக்கம் வரும்படி புறோப்பை 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். கீழ்ப்பெருநாளம் ஈரலுக்குள்ளால் வந்து சோணையறைக்குள் நுழைவது தெரியவேண்டும். நுழைவது தெரியாவிட்டால் நீங்கள் பார்ப்பது பெருநாடியாக இருக்கலாம். அது இன்னும் இடப்பக்கம், சுவர் தடித்தது, துடிக்கும். சோணையறை வாசலிலிருந்து 1 முதல் 2 சென்ரிமீற்றர் தள்ளி அகலத்தை அளந்துவிட்டு, மூக்கால் ஒருமுறை சட்டென்று உறிஞ்சச் சொல்லுங்கள். 21 மில்லிமீற்றருக்குமேல் அகன்று, உறிஞ்சும்போது பாதியளவுகூடச் சுருங்கவில்லையென்றால் வலது சோணையறையின் அழுத்தத்தை 15 மில்லிமீற்றர் இரசம் என்று எடுத்துக்கொள்ளலாம். 21க்குள் இருந்து பாதிக்குமேல் சுருங்கினால் 3. இரண்டுமல்லாத நிலைக்கு 8. வென்ரிலேற்றரில் இருப்பவரில் இந்தக் கணக்கை நம்பவேண்டாம்.

கொழும்பில் இந்த ஓர் அளவுக்கு மற்ற ஊர்களைவிட மதிப்பு அதிகம் என்பது எங்கள் எண்ணம். மழைக்குப் பின்னான மாதங்களில் ஷொக்கோடு வரும் இளவயதினரில் டெங்கு எப்போதும் பட்டியலில் இருக்கும். டெங்குவில் பிளாஸ்மா கசிந்து, கீழ்ப்பெருநாளம் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். நெஞ்சறையிலும் வயிற்றிலும் நீர் தெரியும். அங்கே கவனமாக அளந்து ஏற்றும் சேலைன்தான் உயிர் காப்பது. நுரையீரல் நாடி அடைப்பில் கீழ்ப்பெருநாளம் புடைத்து நிற்கும்; அங்கே சேலைனை ஏற்றிக்கொண்டே போனால் ஏற்கெனவே வீங்கிய வலது இதயவறை நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளி, இடது இதயவறை நிரம்ப இடமில்லாமல் போய், பிரஷர் இன்னும் விழும். அடைப்பில் கொடுப்பதென்றாலும் 500 மில்லிலீற்றருக்குள், அதுவும் நாளம் புடைத்திராதபோது மட்டும், பார்த்துப் பார்த்துத்தான். டெங்கு இதயத்தசை அழற்சியாக மாறினால் நாளம் புடைக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். அப்போது தளர்ந்திருப்பது பொதுவாக இடது இதயவறை.

இதயமுனையிலிருந்து நான்கு அறைகள்

அதிக நேரம் கொடுக்கவேண்டிய படம் இதுதான், ஏமாற்றுவதும் அதிகம் இதுதான். இதயத்துடிப்பு கைக்குத் தட்டுப்படும் இடத்தில், பெரும்பாலும் ஐந்தாம் விலா இடைவெளியில், குறியை இடப்பக்கம் வைத்து, புறோப்பை வலது தோளை நோக்கிச் சரியுங்கள். ஆழம் 14 முதல் 16 சென்ரிமீற்றர். நடுச்சுவர் திரையில் நேராக மேலிருந்து கீழே இறங்கவேண்டும். சரிந்து கிடந்தால் புறோப்பை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள். இடது இதயவறை நீண்ட முனையாகத் தெரியாமல் உருண்டையாகத் தெரிந்தால் நீங்கள் ஒரு விலா மேலே நிற்கிறீர்கள். கீழே இறங்குங்கள்.

இதயம் விரிந்து முடிகிற கணத்தில் படத்தை நிறுத்தி, வால்வுகளுக்குச் சற்று மேலே இரண்டு இதயவறைகளின் அகலத்தையும் அளவுங்கள். வலது, இடதின் மூன்றில் இரண்டு பங்களவில் இருப்பது வழமை. வலது இடதுக்குச் சமமாகவோ கூடவோ வந்தால், அதாவது விகிதம் 1 அல்லது அதற்கு மேல் என்றால், அது பெருத்த வலது இதயவறை. அடிப்பகுதி அகலம் 41 மில்லிமீற்றருக்கு மேல் என்பதும் அதையே சொல்லும். அளக்க நேரமில்லையென்றால் இதயமுனை யாருடையது என்று பாருங்கள். முனையை வலது இதயவறை பிடித்துக்கொண்டிருந்தால் பெருத்துத்தான் இருக்கிறது. புறோப்பை வலது இதயவறைக்கென்றே திருப்பி எடுத்த படத்தில் விகிதம் அளக்காதீர்கள். அந்தக் கோணத்தில் யாருடைய வலது இதயவறையும் பெரிதாகத் தெரியும்.

அடுத்து சுவர் அசைவு. வெளிச்சுவரின் நடுப்பகுதி மரத்துப்போய் நிற்க, முனை மட்டும் துள்ளிக்கொண்டிருந்தால் அது மக்கொனல் அடையாளம், 1996இல் விவரிக்கப்பட்டது. முதல் ஆய்வில் அதன் உணர்திறன் (நோயுள்ளவரில் தெரிவது) 77 சதவீதம், தனித்தன்மை (நோயில்லாதவரில் தெரியாதிருப்பது) 94 சதவீதம் என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம்: வலது இதயவறையைத் தாக்கும் மாரடைப்பிலும் இதே அசைவு வரும் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே மக்கொனல் தெரிந்ததும் ஈ.சி.ஜி.யை மறுபடி எடுத்துப் பாருங்கள். கீழ்ச்சுவர் லீட்களில் எஸ்.ரி. உயர்ந்திருந்தால் வலப்பக்க மார்பு லீட்களையும் எடுக்கவேண்டும்.

டாப்சி என்பது முக்கூர் வால்வின் வெளி விளிம்பு ஒவ்வொரு துடிப்பிலும் முனையை நோக்கி எவ்வளவு தூரம் வருகிறது என்பது. ஒரே கோட்டிலுள்ள அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் எம் மோட் கோட்டை அந்த விளிம்பின்மேல் போட்டு, அலையின் அடியிலிருந்து உச்சிவரை அளவுங்கள். 16–17 மில்லிமீற்றருக்குக் கீழே வந்தால் வலது இதயவறை தளர்ந்திருக்கிறது. கோடு விளிம்பு அசையும் திசைக்குச் சாய்வாக விழுந்தால் எண் பொய்யாகக் குறையும்.

பிறகு இரத்த ஓட்டத்தைக் காட்டும் நிற டொப்ளரைப் போட்டு முக்கூர் வால்வில் பின்னொழுக்கைப் பிடித்து, தொடரலை டொப்ளரால் அதன் உச்ச வேகத்தை அளவுங்கள். வேகத்தை வர்க்கமாக்கி 4ஆல் பெருக்கினால் அழுத்த வித்தியாசம் கிடைக்கும். செக்கனுக்கு 3 மீற்றர் என்றால் 36 மில்லிமீற்றர் இரசம். சோணையறை அழுத்தம் 15ஐக் கூட்டினால் நுரையீரல் நாடியின் மேல் அழுத்தம் 51. இந்த எண் இரண்டு விதமாக ஏமாற்றும். டொப்ளர் கோடு ஒழுக்கின் திசையில் இல்லாவிட்டால் குறைவாக வரும். வலது இதயவறை முற்றாகத் தளர்ந்துவிட்டால், தள்ளப் பலமில்லாமலே எண் குறைந்துவிடும். ஷொக்கில் இருப்பவரில் வித்தியாசம் 25 என்று வருவது நல்ல செய்தியாக இருக்கத் தேவையில்லை. எதிர்ப்பக்கம், 60க்கு மேல் வந்தால் பழைய நோயைத் தேடுங்கள். நேற்றுவரை சாதாரணமாக இருந்த வலது இதயவறையால் திடீரென்று அவ்வளவு அழுத்தத்தை எழுப்ப முடியாது.

மார்பெலும்பின் ஓரத்திலிருந்து

இடப்பக்கம் மூன்றாம் அல்லது நான்காம் விலா இடைவெளியில் குறியை நோயாளியின் வலது தோள் பக்கம் வைத்தால் நீளவாட்டுப் படம். அடைப்புக்கு இதில் அதிகம் இல்லை. பெருநாடியின் வேர் விரிந்திருக்கிறதா, இருகூர் வால்வு வளைந்து தடித்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

குறி இடது தோளுக்கு வரும்படி வலஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் குறுக்குவாட்டு. இருகூர் வால்வின் தசைமுளைகள் இரண்டும் சமமாகத் தெரியும் மட்டத்தில் இடது இதயவறை வட்டமாக இருக்கவேண்டும். வலப்பக்க அழுத்தம் ஏறினால் நடுச்சுவர் தட்டையாகி, வட்டம் ஆங்கில 'டி' எழுத்தாகிவிடும். சுருங்கும்போது தட்டையானால் அழுத்தச் சுமை, விரியும்போது மட்டும் தட்டையானால் கொள்ளளவுச் சுமை என்பது பாடப் பிரிவினை. கடும் அடைப்பில் இரண்டும் கலந்தே வரும். சாய்வாக வெட்டிய படமும் முட்டை வடிவமாகத் தெரியும், ஆகவே தசைமுளைகள் சமமாக வரும்வரை புறோப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

அதே இடத்திலிருந்து புறோப்பை மேலே சரித்தால் பெருநாடி வால்வு நடுவில் வந்து, வலது இதயவறையின் வெளிவாசலும் நுரையீரல் வால்வும் தெரியும். துடிப்பலை டொப்ளரின் மாதிரிப் பெட்டியை வால்வுக்குச் சற்றுக் கீழே வைத்து, திரை ஓடும் வேகத்தைச் செக்கனுக்கு 100 மில்லிமீற்றராக்கி, அலை தொடங்கும் இடத்திலிருந்து உச்சிவரை நேரத்தை அளவுங்கள். 105 மில்லிசெக்கனுக்குக் கீழே என்றால் அழுத்தம் ஏறியிருக்கலாம். 60க்குக் கீழே வந்து, முக்கூர் வால்வு வித்தியாசமும் 30க்கு மேல் 60க்குக் கீழே இருந்தால் அதுதான் 60/60 அடையாளம். திடீர் அடைப்பைப் பழைய நோயிலிருந்து பிரிக்க இதைவிட உதவியான படுக்கையோர அளவு எங்கள் கையில் இல்லை. அலையின் இறங்குமுகத்தில் நடுவே ஒரு வெட்டு விழுந்திருப்பதும் அதற்குத் துணைச்சாட்சி. நாடித்துடிப்பு 100ஐத் தாண்டினால் இந்த நேரம் தானாகவே குறையும் என்பதை மனதில் வையுங்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்குத் தாண்டியிருக்கும்.

கட்டியே கண்ணில் பட்டால்

சில வேளை கட்டி இன்னும் நுரையீரலுக்குப் போய்ச் சேராமல் வலது சோணையறையிலோ இதயவறையிலோ பாம்பாக நெளிந்துகொண்டிருக்கும். எல்லா நோயாளிகளையும் சேர்த்தால் 4 சதவீதத்துக்கும் குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களில் 18 சதவீதம்வரை போகும். கண்டால் அந்த நிமிடமே சீனியரையும் இதயநோய்ப் பிரிவையும் கூப்பிடுங்கள். சோணையறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவித் துளை இருந்தால் கட்டி இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போகவும் கூடும்.

ஆனால் கூப்பிடுமுன் பத்துச் செக்கன் யோசியுங்கள். கீழ்ப்பெருநாள வாசலில் மெல்லிய படலமாக ஆடுவது பிறவியிலேயே உள்ள யூஸ்ரேக்கியன் வால்வாகவோ கியாரி வலையாகவோ இருக்கலாம். இதயவறைக்குள் இரு முனையும் ஒட்டிக் குறுக்கே போவது சாதாரணத் தசைக்கற்றை. சமாந்தரமாக இரண்டு பிரகாசக் கோடு தெரிந்தால் கழுத்தில் போட்ட லைனின் நுனியா என்று பாருங்கள். கட்டிக்கு ஒழுங்கான உருவம் இராது. துடிப்புக்குத் துடிப்பு வடிவம் மாறும்.

காலை விட்டுவிடாதீர்கள்

இதயத்தை முடித்ததும் புறோப்பை மாற்றிக் கால்களைப் பாருங்கள். இரண்டு இடம், இரண்டு காலும்: கவட்டிலும் முழங்காலின் பின்புறத்திலும். காலைத் தவளைக்கால்போல வெளியே சாய்த்து, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் நாளம் நிரம்பித் தெளிவாகத் தெரியும். புறோப்பைக் குறுக்காக வைத்து, 1 முதல் 2 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை நேர்கீழாக அழுத்துங்கள். நாளம் முழுதாக மறையவேண்டும். பக்கத்து நாடி நசுங்கத் தொடங்கும் அளவுக்கு அழுத்தியும் நாளம் மூடவில்லையென்றால் உள்ளே கட்டி இருக்கிறது. கட்டி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிய கட்டி இரத்தத்தைப் போலவே கறுப்பாக இருக்கும். கவட்டில் நிணநீர்க் கணுவும், முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டியும் நாளமாக நடிக்கும். புறோப்பை மேலும் கீழும் நகர்த்தினால் அவை முடிந்துவிடும், நாளம் தொடரும். கட்டியைக் கண்டபின் அதே இடத்தை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்.

மூச்சுத் திணறலோடு வந்தவரின் தொடையிலோ முழங்காலிலோ கட்டி உறுதியானால், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தொடங்க அதுவே போதும். இல்லையென்றால் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நுரையீரல் நாடி அடைப்புள்ளவர்களில் பாதி அளவானோருக்கோ அதற்கும் குறைவானோருக்கோதான் காலில் கட்டி அகப்படும்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கட்டுநாயக்கவில் வந்திறங்கிச் சில நாளில் மூச்சுத் திணறுபவர், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், டி சொய்சாவிலோ காசல் வீதியிலோ சிசேரியன் முடிந்த தாய்: இவர்களில் கால் பரிசோதனைக்கு இன்னும் கூடுதல் பயன். கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சில்லாத முதற்படியும் இதுவே. கர்ப்பிணியை இடப்பக்கம் சரித்தே வைத்திருங்கள். கர்ப்பகாலக் கட்டிகள் இடுப்புக்குள் உள்ள நாளங்களிலும் தங்கும், கவட்டில் அழுத்திப் பார்த்தால் அவை அகப்படாமல் போகலாம்.

பெருத்த வலது இதயவறை எல்லாம் கட்டியல்ல

எங்கள் விடுதிகளில் வலது இதயவறை பெருத்திருப்பதற்கு வேறு காரணங்கள் ஏராளம். நீண்டகாலப் புகைப்பிடிப்பால் கெட்ட நுரையீரல், பழைய காசநோய் அழித்த நுரையீரல், வாதக்காய்ச்சலால் ஒடுங்கிய இருகூர் வால்வு, நாற்பது வயதுவரை யாரும் கண்டுபிடிக்காத சோணையறைத் துளை. தடித்த சுவரும் 60க்கு மேற்பட்ட வித்தியாசமும் இவற்றின் பக்கம் கை காட்டும். பழைய எக்கோ அறிக்கை இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள்; கிளினிக் கொப்பியில் மடித்துவைத்திருப்பார்கள், அந்த ஒரு தாள் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். பழைய நோயுள்ளவருக்குப் புதிய கட்டியும் வரலாம் என்பதால், பெருத்த பழைய இதயவறை சி.ரி.யைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது.

இதயம் நின்றுபோனவரில் இன்னும் கவனம். எந்தக் காரணத்தால் நின்றாலும் சில நிமிடத்தில் வலது இதயவறை பெருத்துவிடும். விலாவுக்குக் கீழே புறோப்பை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, நாடி பார்க்கும் 10 செக்கனுக்குள் ஒரு கிளிப் பதிந்து, நெஞ்சழுத்தம் மறுபடி தொடங்கியபின் பாருங்கள். படம் நல்லாயில்லை என்று அழுத்தத்தை நிறுத்தி வைக்கக்கூடாது. காலில் கட்டி, பொருந்தும் கதை, ஈ.சி.ஜி.யில் தாளம் இருந்தும் நாடி இல்லாமை என்பவை சேர்ந்தால்தான் பெருத்த இதயவறைக்கு எடை கூடும். அந்த நிலையில் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் நெஞ்சழுத்தத்தை 60 முதல் 90 நிமிடம்வரை தொடரவேண்டும்.

எழுதுவதும் அடுத்த படியும்

ஒவ்வொரு கோணத்திலும் மூன்று முதல் ஐந்து செக்கன் கிளிப் சேமியுங்கள்; நிறுத்திய படம் சுவர் அசைவைக் காட்டாது. அறிக்கையைச் சுருக்கமாக, எண்ணோடு எழுதுங்கள்: "படுக்கையோர வரையறுத்த எக்கோ. வலது–இடது இதயவறை விகிதம் 1.2, நடுச்சுவர் டி வடிவம், டாப்சி 13 மி.மீ., முக்கூர் வால்வு வித்தியாசம் 42, கீழ்ப்பெருநாளம் 24 மி.மீ. சுருக்கமில்லை, வலது வெளிச்சுவர் 4 மி.மீ., இதயத்தைச் சுற்றி நீரில்லை, இடது இதயவறை நன்றாகச் சுருங்குகிறது, இடது தொடை நாளம் மூடவில்லை." எடுக்க முடியாத கோணத்தை எடுக்க முடியவில்லை என்றே எழுதுங்கள். ரெலிபோனில் சீனியரைக் கூப்பிடும்போது பிரஷரை முதலில் சொல்லி, பிறகு இந்த எண்களைச் சொல்லுங்கள்.

பிரஷர் விழுந்தவருக்குப் பிரிக்கப்படாத ஹெப்பரினே வசதி, தேவைப்பட்டால் நிறுத்தலாம்: கிலோவுக்கு 80 அலகு ஒரே தடவையில், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 18 அலகு. நிலையாக இருப்பவருக்கு எனொக்சபாரின் கிலோவுக்கு 1 மில்லிகிராம் 12 மணிக்கொருமுறை, சிறுநீரகம் நன்றாக இருந்தால். கட்டி கரைக்கும் மருந்து கன்சல்ரனின் முடிவு: அல்ரிபிளேஸ் என்றால் 2 மணித்தியாலத்தில் 100 மில்லிகிராம், ஸ்ரெப்ரோகைனேஸ் என்றால் 2 மணித்தியாலத்தில் 15 இலட்சம் அலகு. அந்த அழைப்புக்கு முன் மூளை இரத்தக்கசிவு வரலாறு, அண்மைய பக்கவாதம், சத்திரசிகிச்சை, தலைக்காயம், இரத்தப்போக்கு, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். காய்ச்சலும் இருந்தால் பிளேட்லெட்டைப் பார்க்காமல் அந்த மருந்தைப் பற்றிப் பேசவேண்டாம்.

மருந்து கொடுத்தபின் 24 மணித்தியாலத்துக்குள் எக்கோவை மறுபடி எடுத்து அதே அளவுகளை ஒப்பிடுங்கள். பிறகு 3 முதல் 6 மாதத்தில் கிளினிக்கில் ஒருமுறை கேளுங்கள்: படி ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறதா? ஆம் என்றால் முழு எக்கோவுக்கு எழுதிவிடுங்கள். கட்டி கரையாமல் நாடிச் சுவரோடு ஒட்டித் தழும்பாகி, அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடும் நிலை அப்போதுதான் பிடிபடும்.